லில்லிக்குக் கொடுத்த அறை

போன மாதம் நர்சரியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டுப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறாள், பெயர் நித்யா. கிழங்கு வைக்கும் பழைய கல் அறையைக் குளிரூட்டும் அறையாக மாற்றுகிறார்களாம். மின்சார வேலைக்காகச் சுவரைத் தட்டியபோது ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்று சத்தம் கேட்டிருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கரியேறிய கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி.

"லில்லிக் கிழங்கு வைக்கிற ரூம்ல யாரு தாத்தா ஃபயர்ப்ளேஸ் கட்டுனது? விட்டத்துல ஒரு இரும்பு வளையம் வேற தொங்குது. எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க."

"கட்டுனது எவன்னு எனக்கும் தெரியாது. அடைச்சது நான்தான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தக் காலத்தில் லில்லியை எப்படிப் பெருக்கினீர்கள், குளிர்காலத்தில் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. ஆனால் அந்த வளையத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து மனசு கொதித்துக்கொண்டே இருக்கிறது. கோபம் வந்தால் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள் என்பாள் என் மருமகள். குடித்தாயிற்று. உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது லில்லி வளர்ப்பது சுலபம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கிழங்கு வருகிறது. கூடாரத்துக்குள் நடுகிறார்கள், பூத்ததும் வெட்டி அனுப்பிவிட்டுக் கிழங்கைக் குப்பையில் கொட்டுகிறார்கள். அடுத்த குளிருக்கு அதைக் காப்பாற்றுகிற சோலியே இவர்களுக்குக் கிடையாது. எங்களுக்கு லில்லி என்றாலே குளிர்காலம்தான். பூவைப் பார்த்துச் சந்தோசப்படுவது சீசனுக்கு வருகிறவர்களின் பாடு, பனியில் குனிந்து கிடப்பது எங்கள் பாடு.

நான் அட்டுவம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த நர்சரியில் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். மண் சலித்தேன், சட்டி கழுவினேன், பூப்பெட்டி சுமந்தேன், மழையில் நனைந்தேன். சில வருசம் இப்படியே போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் மேல்மலைக்காரன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. பூவுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்பதே எனக்கு நர்சரிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

முதலாளி கோயமுத்தூர்க்காரர். வருசத்துக்கு ஒரு தடவை சீசனில் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூவைப் பார்த்துவிட்டுப் போவார். நிர்வாகம் முழுக்க எஸ்தரம்மா கையில் இருந்தது. அவர் பாளையங்கோட்டைப் பக்கம். டீச்சராக இருந்தவர், நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லதென்று ஏறி வந்து இங்கேயே தங்கிவிட்டார். சாக்ஸ் போட்ட காலில் செருப்பு, வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை. எதைச் சுட்டிக்காட்டுவதென்றாலும் அந்தக் குடையின் நுனியால்தான். எங்களை எல்லாம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். என்னைப் பெற்ற தகப்பனே என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கோபம் ஏற ஏறத்தான் அவருக்கு மரியாதையும் ஏறும் என்பது பிறகு புரிந்தது. பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வந்துவிட்டால் அன்றோடு சரி. அவரால் மிஸ்டர் என்று அழைக்கப்பட்ட எவனையும் மறுநாள் வேலையில் நான் பார்த்ததில்லை.

தொழில் தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். ஒருமுறை நான் லில்லிச் சட்டிகளுக்கு ஆசையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். என்னைக் கூப்பிட்டு, ஒரு சட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். அழுகின கிழங்கின் நாற்றம் எனக்கு எட்டுகிற வரைக்கும் கையை இறக்க விடவில்லை. "ஈரம் இருக்கணும், தண்ணி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் லில்லி" என்றார். நித்யா கேட்ட விசயம் இந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சில லில்லி வகைகளில் இலை தண்டோடு சேருகிற இடத்தில் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் பிடிக்கும். பார்த்தால் மிளகு மாதிரி இருக்கும். அது விதை இல்லை, குட்டிக் கிழங்கு. நாங்கள் மணி என்போம். பெருவிரல் பட்டாலே உதிர்கிற பதம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பிய்த்தால் காயம் படும், காயம் பட்டது அழுகும். சட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் மணல், அதன்மேல் இலைமக்கு கலந்த மண். மணியை அதில் வைத்து மேலாக மூடிவிட வேண்டும். முளைத்தால் முதல் வருசம் ஒரே ஒரு இலை, புல்லைப் போல. பூவைப் பார்க்க மூன்று குளிர்காலம் தாண்ட வேண்டும்.

தாண்டுவது லேசில்லை. கார்த்திகை மழை அழுக வைக்கும். அதில் தப்பினால் எலி. எலிக்குத் தப்பினால் பனி. மார்கழியில் வானம் தெளிந்துவிட்டால் மண்ணில் இருக்கிற ஈரமெல்லாம் ஊசி ஊசியாக உறைந்து மேலே எழும்பும். எழும்பும்போது மணிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வெள்ளனே போய்ப் பார்த்தால் புதைத்ததெல்லாம் மண்ணுக்கு மேலே கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றையும் பெருவிரலால் உள்ளே அழுத்த வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் வேர் சுருண்டுவிடும். விரல் மரத்துப்போய், தொடுவது மணியா கல்லா என்று தெரியாது. வாய்க்குள் விரலை விட்டுச் சூடேற்றிக்கொண்டு அடுத்ததை அழுத்துவோம். அதற்கு மேல் காய்ந்த பெரணி இலையைக் கனமாகப் பரப்பி மூடுவோம். குளிர் மணியைக் கொல்லாது. காய்ந்தால்தான் சாகும். வெங்காயம், பூண்டு மாதிரி அதற்கு மேலே தோல் கிடையாது, உரித்துப் போட்டது மாதிரிதான் கிடக்கும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலாளியின் தம்பி பர்மாவிலிருந்து திரும்பியபோது ஒரு லில்லிக் கிழங்கு கொண்டுவந்திருந்தார். ஒன்றே ஒன்று. எஸ்தரம்மா அதைத் தன் கையால் நட்டு, பக்கத்தில் யாரையும் விடாமல் வளர்த்தார். ஒரு வருசம் அது ஆளுயரத்துக்கு எழும்பிப் பூத்தது. வெள்ளைப் பூ, தொண்டையில் மஞ்சள். வாசனை கேட் வரைக்கும் வந்தது. முதலாளி அதைப் பார்க்கவென்றே இரண்டாம் தடவை மலையேறி வந்தார். இதைப் பெருக்கி விற்க வேண்டும், வேறு எவனிடமும் இது இல்லை என்று எஸ்தரம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். பூ முடிந்த கையோடு பெருமழை பிடித்துத் தாய்க்கிழங்கு அழுகிவிட்டது. தண்டில் பிடித்திருந்த மணிகள் மட்டும் மிச்சம். இரண்டு கை நிறைய இருக்கும். எஸ்தரம்மா அவற்றைச் சட்டிகளில் வைத்துத் தகர ஷெட்டுக்குள் அடுக்கினார்.

அந்தச் சமயத்தில் என் தங்கை பொன்னுத்தாய் மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். முதல் இரண்டும் பிறந்து, இரண்டும் குளிர்காலத்தில் போய்விட்டன. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து இழுத்து அடங்கிப் போயின. ஊரில் அவள் வீடு மண்சுவரும் புல்கூரையும். மேகம் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போகும். அவசரம் என்றால் டோலி கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும். இந்தப் பிள்ளை தை மாதம் பிறக்கும் என்றார்கள். தை என்றதும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் புருசன் கருப்பையாவை நான்தான் நர்சரியில் சேர்த்துவிட்டிருந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் ஊருக்கு நடந்து போவான், திங்கள் வந்துவிடுவான். ஊரில் துண்டு நிலம், பூண்டு போடுவான். நர்சரியில் மண் வெட்டுகிற வேலைதான், லில்லியை அதுவரை தொட்டதில்லை. பேச்சு குறைவு. கொடுத்த வேலையில் பாதியில் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ஷெட்டை ஒட்டி அந்தக் கல் அறை இருந்தது. யாரோ வெள்ளைக்காரன் கட்டிப்போட்டது. கணப்பு உண்டு, ஒழுகாது. உடைந்த தட்டுமுட்டுச் சாமான்தான் உள்ளே கிடந்தது. நான் எஸ்தரம்மாவிடம் போய் நின்றேன்.

"அம்மா, அந்தக் கல் ரூமு சும்மாதான கெடக்கு. தங்கச்சி பேறுகாலத்துக்கு மட்டும் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். ஆஸ்பத்திரியும் கிட்டக்க."

குடையை ஊன்றிக்கொண்டு அவர் புகைபோக்கியையே பார்த்தார்.

"பர்மா லில்லிய என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு முதலாளி. அந்தச் சட்டிங்கள கருப்பையா பொறுப்புல விடுறேன். நான் கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர்றப்ப எல்லாம் நல்லபடியா இருந்துச்சுன்னா அன்னைக்கே சாவி. பேறுகாலத்துக்கு மட்டும் இல்லைங்க, பெர்மனென்ட்டாவே அந்த ரூம் அவங்களுக்குத்தான்."

எனக்குக் காலில் விழலாம் போல இருந்தது. வேலைக்கு வந்த பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். கருப்பையா எங்கேயோ ஒரு இரும்பு வளையம் பிடித்து வந்து விட்டத்தில் அடித்தான். தொட்டில் கட்ட. அதில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தாயைக் கூட்டி வந்து காட்டினான். புகை சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கணப்பை மூட்டினோம். அவள் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"சொவரே சுடுதுண்ணே" என்றாள்.

எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்து போனாள்.

மார்கழியில் கிறிஸ்துமஸ் பூவோடு என்னை மதுரைக்கு அனுப்பினார்கள். புத்தாண்டு முடிகிற வரைக்கும் அங்கே கடையில் இருந்து விற்க வேண்டும். எஸ்தரம்மா பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பினார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். கிளம்புகிற அவசரத்தில் கருப்பையாவை ஷெட்டுக்குக் கூப்பிட்டு, குடை நுனியால் சட்டிகளைக் காட்டினார்.

"மழை இன்னும் விடல. இதுல ஒரு சொட்டுத் தண்ணி இறங்கக் கூடாது. அழுகுச்சுன்னா வேற கிடையாது. புரியுதாங்க?"

"புரியுதும்மா" என்றான்.

எனக்குச் சொன்ன அந்த இன்னொரு பாதியை, ஈரம் இருக்கணும் என்பதை, அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

நாங்கள் போன அந்த வாரமே புயல். நான் மதுரையில் தூறலைப் பார்த்தேன், மலையில் அது கூரையைப் பிடுங்கியிருக்கிறது. ஷெட்டின் தகரம் பறந்து போய் ஓடையில் விழுந்ததாம். சட்டிகளில் தண்ணீர் நின்றது. கல் அறைக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அதன் சாவி எஸ்தரம்மா பெட்டிக்குள் ஊருக்குப் போய்விட்டது. மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டைக் காப்பாற்ற ஓடினார்கள். கருப்பையா மட்டும் உட்கார்ந்து, சேற்றில் கையை விட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்திருக்கிறான். உடுத்தியிருந்த வேட்டியிலேயே ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு மூங்கில் கூடையில் போட்டு, சாக்கைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த மழையில் மேல்மலைக்கு நடந்தான். மரம் விழுந்து கிடந்த பாதை அது.

ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இடம் அவனுக்குத் தெரிந்து ஒன்றுதான். எங்கள் ஊரில் விதைப் பூண்டை அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டித்தான் வைப்போம். அடுத்த நடவு வரைக்கும் புகை அதற்குப் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புகை பட்டால் அழுகாது, பூச்சி அண்டாது. எங்கள் அப்பன், பாட்டன் எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். கருப்பையா பரணில் இருந்த விதைப் பூண்டை இறக்கி வெளியே சாய்ப்பில் போட்டான். அதன் இடத்தில் கூடையை ஏற்றினான். அவசரத்தில் கூடை சரிந்து, சில மணிகள் கீழே பூண்டுக் குவியலுக்குள் உருண்டு போயின. இருட்டில் தேடியும் கிடைக்கவில்லை.

"விதைப் பூண்ட வெளிய போட்டா ஈரம் அடிச்சிருமே" என்று பொன்னுத்தாய் கேட்டிருக்கிறாள்.

"போனா போகுது. இது பொழச்சாத்தான் நமக்கு ரூமு. பிள்ளையப் பாரு, பூண்டப் பாக்காத."

அதற்குப் பிறகு அவள் நிறைமாத வயிற்றோடு நனைந்த சுள்ளியைப் பொறுக்கி வந்து, அடுப்பு அணையாமல் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் புகையில் கண் ரெண்டும் பழுத்துப் போய்விட்டது. லில்லியைப் பார்க்காத பொம்பளை அவள். அதன் பூ எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

நாங்கள் திரும்பி வந்த அன்று கருப்பையா கூடையோடு ஷெட் வாசலில் காத்திருந்தான். எஸ்தரம்மா பறந்து போன கூரையையும் வெறும் சட்டிகளையும் பார்த்து வெளுத்துப் போய் நின்றார்.

"பயப்படாதீங்கம்மா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக் கூடையை இறக்கினான்.

இறக்கும்போதே எனக்குச் சத்தம் கேட்டது. கலகலவென்று, முறத்தில் மிளகு உருள்கிற சத்தம். உயிருள்ள லில்லி மணி சத்தம் போடாது. கையில் விழுந்தால் திராட்சை விழுந்த மாதிரி மெத்தென்று இருக்கும்.

"ஒண்ணுகூட அழுகலம்மா" என்றான். அவன் சிரித்தான். நான் அவன் சிரித்துப் பார்த்ததே குறைவு.

எஸ்தரம்மா ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினார். அது பழுப்புத் தூளாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் தூள். கூடைக்குள் கையை விட்டு அடியில் இருந்து எடுத்தார். அவசரப்படவே இல்லை. விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"புகை வாடை அடிக்குதே. எங்கங்க வச்சிருந்தீங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேசாத மனுசன் அன்றைக்குத்தான் நீளமாகப் பேசினான். சேற்றில் பொறுக்கியது, துடைத்தது, பாதையில் மரம் கிடந்தது, பூண்டை இறக்கியது, பொன்னுத்தாய் அடுப்பை அணையவிடாதது. சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எஸ்தரம்மா கடைசிவரை கேட்டார். பிறகு கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் கருப்பையா, நீங்க ஊருக்குப் போகலாம்."

அவர் அலுவலகத்துக்குள் போய்விட்டார். கருப்பையா என் பக்கம் திரும்பினான்.

"பொன்னுத்தாயக் கூட்டியாரச் சொல்றாங்களா மச்சான்? சாவிய இப்பவே வாங்கிக்கிறவா?"

அவனிடம் அதை நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மணிகளெல்லாம் செத்துவிட்டன, அவை காயக் கூடாது, நீ காப்பாற்றவில்லை, கொன்றிருக்கிறாய் என்று. என் வாழ்நாளில் நான் பார்த்த எந்த வேலையும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. அவன் ஒரு மணியை எடுத்துத் தானும் நசுக்கிப் பார்த்தான்.

"நல்லாத்தானே காஞ்சிருக்கு" என்றான்.

நான் எஸ்தரம்மாவிடம் போய்க் கத்தினேன். ஆமாம், கத்தினேன்தான்.

"நீங்கதானம்மா ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னீங்க. அவன் அதத்தானே செஞ்சான்?"

"ஆமா, நான் சொன்னேன்" என்றார். மறுக்கவே இல்லை.

"அப்ப ரூமையாவது குடுங்க. பிள்ளைத்தாச்சிம்மா அவ. தை பொறக்கப் போகுது."

"வேலையில இல்லாதவருக்கு ரூம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க, சின்னராசு. முதலாளிக்கு நான் ஒரு பதில் சொல்லியாகணும். யாராலன்னு கேப்பாரு."

இப்போது யோசித்தால், 'என்னால்' என்று சொல்ல அவருக்குப் பயம். சொல்லியிருந்தால் அவரும் வயசு காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருக்கும். அது எனக்குப் புரிகிறது. புரிந்தால் மன்னித்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன?

கருப்பையா ஊருக்குத் திரும்பியபோது சாய்ப்பில் கிடந்த விதைப் பூண்டு மழை ஈரத்தில் ஊறி அழுகிக் கூழாகியிருந்தது. வயலோரக் குழியில் அதை அள்ளிக் கொட்டி மேலே காய்ந்த பூண்டுத் தாளைப் போட்டு மூடினான். அடுத்த போகத்துக்கு நட ஒன்றுமில்லை. தை பிறந்து, வானம் தெளிந்து, கூரைப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த நாளில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பெயர் வைக்கிற வரைக்கும்கூட இருக்கவில்லை. வயலின் இன்னொரு ஓரத்தில் புதைத்தோம். மண்வெட்டியைப் போட்டால் மண் கல்லாக இருந்தது, நானும் கருப்பையாவும் மாறி மாறி வெட்டினோம்.

கல் அறையில் பிறந்திருந்தால் அது பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளும் சாகத்தான் செய்தன. தெரியாது என்பதுதான் இத்தனை வருசமாக என்னைப் போட்டு அரிக்கிறது.

பங்குனியில் ஒருநாள் பொன்னுத்தாய் நர்சரிக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கருப்பையா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அவள் நேரே எஸ்தரம்மாவிடம் போய், கையில் இருந்த ஈரத்துணியைப் பிரித்தாள். உள்ளே மூன்று லில்லி மணிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர், மேலே பச்சையாக ஒரு இலை.

பூண்டுக் குவியலுக்குள் உருண்டு போனவை அவை. அழுகின பூண்டோடு சேர்ந்து குழிக்குப் போயிருக்கின்றன. குழியில் ஈரம் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை, மேலே தாள் மூடியிருந்தது, பனி உள்ளே இறங்கவில்லை. எஸ்தரம்மா சொல்லிக் கொடுத்த முறையில் ஒன்று குறையாமல் அந்தக் குப்பைக் குழியில் இருந்திருக்கிறது. குப்பை அள்ளப் போனவள் இது பூண்டு முளை இல்லை என்று பார்த்ததுமே கண்டுகொண்டாள்.

"அம்மா, இது ஒங்க சாமான். எங்க குப்பையில கெடந்துச்சு. அந்த மனுசன் கெடுக்கணும்னு எதையும் செய்யல. அவருக்கு வேலையக் குடுங்க."

எஸ்தரம்மா துணியோடு அதை வாங்கிக்கொண்டார். குடை கை நழுவிக் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை. அந்தக் குடையை அவர் கீழே விட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லுங்க" என்றார். பிறகு தயங்கி, "குழந்தை?" என்று கேட்டார்.

"போயிருச்சும்மா."

எஸ்தரம்மா உதடு அசைந்தது. ஜெபம் சொன்னாரோ என்னவோ. அப்புறம் அந்த மூன்று இலைகளையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இனிமே இத ஷெட்ல வைக்க முடியாது, சின்னராசு. அந்தக் கல் ரூம்தான் சரி. ஒழுகாது. ஆனா கணப்ப அடைச்சிருங்க. புகைபோக்கி வழியா காத்து இறங்கி மண்ணக் காய வச்சிரும். இன்னைக்கே அடைச்சிருங்க."

கொடுமை செய்ய வேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கண்முன்னால் நிற்கிறவள் யார், அந்த அறை யாருக்கென்று சுண்ணாம்பு அடித்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் பர்மா லில்லி பாத்தி பாத்தியாகப் பூத்தது. பெட்டி பெட்டியாகப் பெங்களூருக்கும் மதுரைக்கும் போனது. முதலாளி பூக்காட்சியில் பரிசு வாங்கினார், எஸ்தரம்மாவுக்குச் சால்வை போட்டார்கள். எல்லாம் அந்தக் குழியில் கிடந்த மூன்றிலிருந்து வந்தவைதான். கருப்பையா சாகிற வரைக்கும் அந்த லில்லிப் பாத்தியில்தான் வேலை செய்தான். பனி தள்ளின மணிகளை அவனைப் போல அழுத்த ஆள் இல்லை. பொன்னுத்தாய்க்கு அதற்குப் பிறகு பிள்ளை நிற்கவில்லை. எஸ்தரம்மா போன பிறகு அந்த அறையின் சாவி என்னிடம் வந்தது, ஓய்வு பெறுகிற வரைக்கும் என் இடுப்பில்தான் இருந்தது.

நித்யா கேட்ட வளையத்துக்கு வருகிறேன்.

பொன்னுத்தாய் அந்த மூன்று மணிகளைக் கொண்டுவந்த அன்றைக்கு மத்தியானமே சாந்து குழைத்துக் கணப்பை அடைக்க உட்கார்ந்தேன். பொன்னுத்தாய்க்கு எஸ்தரம்மா டீ கொடுத்து அனுப்பியிருந்தார். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கல் அறையின் வாசல்படியில் உட்கார்ந்து நான் செங்கல் வைப்பதையே பார்த்தாள். கருப்பையா உள்ளே வந்து சுவரோரமாக நின்றான்.

"ஏண்ணே, இத அடச்சிட்டா உள்ள குளிராதா?" என்றாள்.

நான் அடுத்த செங்கலை எடுத்தேன். சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்த எஸ்தரம்மாதான் பதில் சொன்னார்.

"குளிரணும்மா. இதுக்குக் குளிருதான் வேணும்."

மூன்று மணிகளையும் ஒரே சட்டியில் வைத்திருந்தார். எங்கே வைப்பது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். தரையில் வைத்தால் வாசல் வழியாக எலி வரும். அண்ணாந்து பார்த்தபோது வளையம் தெரிந்தது.

"அட, இது நல்லதாப் போச்சே. இதுல கட்டித் தொங்க விடுங்க, எலி எட்டாது" என்று சட்டியைக் கருப்பையாவிடம் நீட்டினார்.

அவன் வாங்கினான். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். கயிறு அவன் காலடியில் கிடந்தது, குனியவில்லை.

பொன்னுத்தாய் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "கொண்டாங்க, நான் கட்டுறேன்" என்றாள். முக்காலியில் ஏறி, வளையத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தொட்டிலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். சட்டியை அதில் வைத்தாள். முடிச்சு தாங்குகிறதா என்று விரலால் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினாள். அது ஆடியது. ஆடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை வைத்து நிறுத்தினாள். இறங்கி, டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது. சாந்து இறுகிக்கொண்டிருந்தது, வைத்து முடித்தேன்.